கப்பல் வச்ச பிளைமவுத்

நெல்லு, தண்ணி, உரம், மாடுன்னு எழுதிக்கிட்டு இருக்கிற இந்தப் பக்கத்தில் இந்தத் தடவை ஒரு காரைப் பத்தி எழுதப் போறேன். காரணம் இருக்கு. போன மாசம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். எங்க அப்பாவும் அவரும் பேச்சை நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சு. அப்பா இப்ப இல்லை. சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிருச்சு. தாம்பாளத்தை வாங்கி வச்சுட்டு திண்ணையில் உட்கார்ந்தவர் முதல்ல கேட்டது பொண்ணைப் பத்தியோ மாப்பிள்ளையைப் பத்தியோ இல்லை.

"ஏன் தம்பி, நீ கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்குறியாமே. அந்த பிளைமவுத்து கம்பெனியவே மூடிட்டானாமே, நெசமா?"

நெசம்தான் சித்தப்பான்னு சொன்னேன். எப்ப மூடினான், ஏன் மூடினான்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லச் சொல்ல, வெத்தலை போடறதை மறந்துட்டு கேட்டுக்கிட்டே இருந்தார். அன்னைக்கு அவர்கிட்ட சொன்னதையும், அவர் எனக்குச் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு பிளைமவுத்துன்னா தெரியாது. எங்க வயசுக்காரங்களுக்குத் தெரியும். 1980-கள் வரைக்கும் காரைக்கால், மாயவரம், கும்பகோணம்னு நம்ம டெல்டா பக்கத்து டாக்ஸி நிறுத்தங்கள்ல அம்பாசடருக்கு நடுவில் யானை நிக்கிற மாதிரி நாலைஞ்சு பெரிய கார்கள் நிக்கும். உருண்டையான மூக்கு, முழங்கால் உயரத்துக்கு பம்பர், சோபா மாதிரி சீட்டு. பெரியவங்க இதையெல்லாம் பொதுவா 'பிளஷர்'னு சொல்லுவாங்க. அதுல சிலது பிளைமவுத், சிலது டாட்ஜ், சிலது டிசோட்டோ. மூணும் அமெரிக்கப் பேரு. மூணும் கிறைஸ்லர்ங்கிற ஒரே குடும்பத்துப் பிள்ளைங்க. முன்னாடி கிரில்லையும் பேரையும் பார்த்தாத்தான் எது எதுன்னு தெரியும். ஒரே களத்து நெல்லை மூணு சாக்குல கட்டி மூணு பேர் எழுதின கதை.

எங்க வீட்டில் இருந்தது பிளைமவுத். 1951-ஆம் வருஷத்து மாடல். பானெட்டு மூக்கில் பாய் விரிச்ச கப்பல் ஒண்ணு பளபளன்னு நிக்கும். அதனால தெருப்பிள்ளைங்களுக்கு அது 'கப்பல் காரு'. நாங்க இருக்கிறது நெடுங்காடு பக்கம். கடல் பத்து கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. அதனால நான் முதல்ல பார்த்த கப்பல் அதுதான்.

அந்தக் கப்பல் எதுன்னா, 1620-ல் இங்கிலாந்தில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளைக் கொண்டுபோன மேஃபிளவர். அவங்க போய் ஊர் அமைச்ச இடத்துக்குப் பேரு பிளைமவுத். சரி, பழைய பெருமைக்காக அந்தப் பேரை வச்சிருக்காங்கன்னு நான் ரொம்ப நாள் நினைச்சேன். விளம்பரத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. ஆனா உள்கதை வேற மாதிரி சொல்றாங்க. விவசாயிங்க கேட்க வேண்டிய கதை அது.

அந்த பிளைமவுத் ஊரில் 1824-ல் தொடங்கின கயிறு கம்பெனி ஒண்ணு இருந்துச்சு, பிளைமவுத் கார்டேஜ்னு பேரு. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கயிறு ஆலை. கோதுமை அறுத்துக் கட்டுகிற இயந்திரம் வந்தப்புறம், கட்டைச் சுத்தறதுக்கு முறுக்கு நூல் பந்து பந்தாகத் தேவைப்பட்டுச்சு. அமெரிக்காவில் விவசாயி வீடுகளில் எல்லாம் இந்த பிளைமவுத் கட்டுக்கயிறு கிடக்கும். 1928-ல் வால்டர் கிறைஸ்லர் குறைஞ்ச விலையில் புதுசா ஒரு கார் கொண்டு வரப்போறார், பேரு தேடறாங்க. விற்பனைப் பொறுப்பில் இருந்த ஜோ ஃப்ரேசர் 'பிளைமவுத்'னு சொன்னாராம். மத்தவங்க முகத்தைச் சுளிச்சாங்களாம். பிளைமவுத் கட்டுக்கயிறு கேள்விப்பட்டதில்லையான்னு அவர் கேட்க, அந்தப் பேரு தெரியாத விவசாயியே இந்த நாட்டில் கிடையாதேன்னு கிறைஸ்லர் உடனே ஒத்துக்கிட்டாராம்.

இதைச் சொன்னப்ப சித்தப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே! "அட, பிரிக்கு வச்ச பேராடா அது!" நம்ம ஊர்ல நெல்லுக்கட்டு கட்ட வைக்கோலை முறுக்கிப் பிரி திரிப்போம் இல்லையா, அதைச் சொன்னார். இப்ப அறுவடை மெஷின் வந்தப்புறம் பிரி திரிக்கத் தெரிஞ்ச ஆளே குறைஞ்சு போச்சு, அது தனிக் கதை.

வால்டர் கிறைஸ்லர் பிறந்தது கான்சஸ் மாநிலத்தில். கோதுமை விளையற பூமி. ரயில்வே பட்டறையில் மெக்கானிக்கா ஆரம்பிச்ச ஆள். 1908-ல் சிகாகோ கண்காட்சியில் லோகோமொபைல்னு ஒரு காரைப் பார்த்து ஆசைப்பட்டு, 5,000 டாலருக்கு வாங்கினார். கையில் இருந்தது 700, மீதி கடன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டலை. கொட்டகையில் வச்சு முழுசாக் கழட்டி, ஒவ்வொரு பாகமா வரைஞ்சு பார்த்து, திரும்பப் பூட்டி, மறுபடி கழட்டினார். அதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஓட்டியே பழகினார். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். புது மோட்டார் வாங்கினா மொதல்ல போல்ட்டைக் கழட்டிப் பார்க்கிறவங்க எங்க வீட்டிலும் உண்டு.

முதல் பிளைமவுத் 1928 ஜூலையில் வந்துச்சு. விலை 670 டாலரில் தொடங்கிச்சு. ஃபோர்டும் ஷெவர்லேயும்தான் அப்ப ஏழை பாழைங்க கார். அதோட போட்டி போடணும்னு வந்த இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஆயில் பிரேக் இருந்துச்சு. ஷெவர்லேக்கு அது வர 1936 ஆச்சு, ஃபோர்டுக்கு 1939. 1931-ல் இன்னொரு விஷயம் செஞ்சாங்க. எஞ்சினை இரும்பு மேல இறுக்கி முடுக்காம, ரப்பர் மேல ரெண்டு இடத்தில் தொட்டில் மாதிரி உட்கார வச்சாங்க. எஞ்சின் தானா ஆடிக்கும், ஆட்டம் வண்டிக்கு வராது. 'மிதக்கும் சக்தி'ன்னு அதுக்குப் பேரு வச்சாங்க. இந்த முறையை பிரெஞ்சுக்காரன் சிட்ரோயன் கம்பெனி உரிமம் வாங்கி, அதுக்கு அடையாளமா காரில் ஒரு அன்னத்தைப் போட்டுக்கிட்டான். காரைக்காலை 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்டான், நாங்க ஓட்டினது அமெரிக்கா கார், அவன் கார் அமெரிக்கா எஞ்சின் முறையில் ஓடுச்சு. உலகம் சின்னதுதான்.

அந்தப் புது வண்டி வந்ததும் கிறைஸ்லர் தானே ஓட்டிக்கிட்டுப் போய் போட்டிக்காரர் ஹென்றி ஃபோர்டுக்கும் அவர் மகனுக்கும் காட்டி, அந்தக் காரையே அவங்களுக்குக் கொடுத்துட்டு, வாடகைக் காரில் வீட்டுக்குத் திரும்பினார்னு சொல்லுவாங்க. பஞ்ச காலம் அது. மத்த கம்பெனிகள் படுத்துக்கிட்டு இருந்தப்ப பிளைமவுத் மட்டும் ஏறி, அமெரிக்காவில் விற்பனையில் மூணாவது இடத்துக்கு வந்துச்சு. கம்பெனியைக் காப்பாத்தினதே இந்தக் கடைக்குட்டிதான்.

இப்ப நம்ம நாட்டுக்கு வர்றேன். வால்சந்த் ஹீராசந்த்னு ஒரு தொழிலதிபர். பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் ரெண்டுக்கும் அவர்தான் ஆரம்பம் போட்டார். காரும் இங்கேயே செய்யணும்னு கிறைஸ்லரோட ஒப்பந்தம் போட்டு, 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். பம்பாய் குர்லாவில் இருந்து 1947 மார்ச்சில், சுதந்திரத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி, முதல் வண்டிகள் வெளியே வந்துச்சு. அமெரிக்காவில் இருந்து பாகமா வரும், இங்க பூட்டுவாங்க. டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் மூணுமே அங்கிருந்துதான் வந்துச்சு. 1953-ல் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்துச்சு. பூட்டி மட்டும் விக்கிறவன் வேண்டாம், பாகத்தையும் இங்கேயே செய்யற திட்டம் இருக்கிறவன் மட்டும் இருக்கலாம்னு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. பிரீமியர் நின்னுச்சு, ஆனா பக்கத்திலேயே ஃபியட் வந்துருச்சு. பெட்ரோல் குறைச்சலா குடிக்கிற குட்டிக் கார். அதுக்கப்புறம் பெரிய கார் யாருக்கு வேணும்? இருக்கிற வண்டியை வச்சு ஓட்டறவங்களுக்குத்தான். புது வண்டி இறக்குமதி கிடையாது, உள்நாட்டு வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அதனால அமெரிக்காவில் பத்து வருஷத்தில் குப்பைக்குப் போன கார் நம்ம பக்கத்தில் நாப்பது வருஷம் உழைச்சுச்சு.

எங்க கார் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மிராசுதார் வீட்டு வண்டி. நில உச்சவரம்புச் சட்டம் வந்து 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னு ஆனப்ப பெரிய வீடுகள்ல எல்லாம் யானை, குதிரை, கார்னு ஒவ்வொண்ணா வெளியே வந்துச்சு. 1966-ல் எங்க தாத்தா ஒரு ஜோடி உழவு மாட்டையும் பாட்டியோட காசுமாலையையும் வித்து அதை வாங்கினார். பாட்டி பேசாம இருந்தது எத்தனை மாசம்னு எனக்குத் தெரியாது, ஆனா சாகிற வரைக்கும் அந்தக் காரை 'என் மாலை'ன்னுதான் சொல்லுச்சு. "என் மாலை வந்துருச்சா?"ன்னு கேட்டா சித்தப்பா சவாரி முடிச்சு வந்துட்டாரான்னு அர்த்தம்.

தாத்தா கணக்கு இதுதான்: வயல் வருஷத்துக்கு ரெண்டு தடவை காசு கொடுக்கும், அதுவும் ஆத்துல தண்ணி வந்தா. கார் தினமும் கொடுக்கும். அப்பா வயலைப் பார்த்துக்கிட்டார், சித்தப்பா காரைப் பார்த்துக்கிட்டார். நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா, காரைக்கால் மாங்கனித் திருவிழா, கல்யாண மாசம்னு சவாரிக்குக் குறைவே இல்லை. ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி வந்தா மூணு ராத்திரி எஞ்சினை அணைக்க மாட்டாராம். "எத்தனை பேரு ஏறுவாங்க சித்தப்பா?"ன்னு கேட்டேன். "எண்ணினா யாரு ஏத்தறது?"ன்னார்.

அத்தனை பேர் எப்படிப் பிடிச்சாங்கங்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அப்ப கிறைஸ்லர் தலைவரா இருந்த கே. டி. கெல்லர், தொப்பி போட்டுக்கிட்டு உட்கார முடியாத கார் காரே இல்லைன்னு பிடிவாதமா இருந்தவர். அதனால 1949-ல் இருந்து வந்த பிளைமவுத் எல்லாம் கூரை உசரமா, நாற்காலி மாதிரி நிமிர்ந்த சீட்டோட இருந்துச்சு. அமெரிக்காவில் அது எடுபடலை. மத்தவன் காரெல்லாம் தாழ்ந்து, நீண்டு, மினுக்கிக்கிட்டு வந்தப்ப இது பெட்டி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. 1954-ல் மூணாவது இடத்தில் இருந்து அஞ்சாவது இடத்துக்கு இறங்கிருச்சு. ஆனா அந்தக் கெல்லர் தொப்பி இடம் இருக்கே, அது நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. தலைப்பாகை கட்டின பெரியவர் குனியாம ஏறலாம். மடியில் ஒரு பிள்ளை, காலடியில் ஒரு பிள்ளை, பின்னாடி டிக்கியில் அரிசி மூட்டை.

எஞ்சினும் அப்படித்தான். ஆறு சிலிண்டர், மூணரை லிட்டருக்கு மேல. வால்வு எல்லாம் பிளாக்கில் பக்கவாட்டில் இருக்கும், ஹெட்டு வெறும் தட்டை மூடி. நட்டைக் கழட்டி மூடியைத் தூக்கினா கரியைச் சுரண்டிட்டு சாயங்காலம் சவாரிக்குப் போயிடலாம். இந்த மாதிரி எஞ்சினை 1933-ல் இருந்து 1959 வரைக்கும் பிளைமவுத்தில் போட்டாங்க. அழுத்தம் கம்மி, அதனால மட்டமான பெட்ரோலிலும் ஓடும். மண்ணெண்ணெய் கலந்தும் சிலர் ஓட்டினாங்க. நாங்க கலக்கலைன்னு சித்தப்பா சொல்றார். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

குறையும் இருந்துச்சு. ஆறு வோல்ட் பேட்டரி, ராத்திரி முன்விளக்கு அரிக்கேன் விளக்கு மாதிரி எரியும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்னுடும். பெட்ரோல் பம்ப் மேல ஈரச்சாக்கைச் சுத்தி கால் மணி நேரம் உட்காரணும். அதுக்காகவே காரில் ஒரு சாக்கும் ஒரு கூஜா தண்ணியும் எப்பவும் இருக்கும். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், ஏழு கிலோமீட்டர். உப்புக்காத்து வேற. வருஷா வருஷம் அடித்தட்டைத் தட்டி, ஒட்டுப் போட்டு, தார் அடிப்பாங்க. ஸ்பேர் வேணும்னா மெட்ராஸ் புதுப்பேட்டை. அங்க இல்லைன்னா கும்பகோணத்தில் பித்தளை வார்க்கிறவர்கிட்ட பழைய புஷ்ஷைக் காட்டி அதே மாதிரி வார்த்து வாங்கிட்டு வந்துடுவார் சித்தப்பா.

என் பிறப்பும் இந்தக் காரோட சேர்ந்தது. 1977 நவம்பர் 12-ஆம் தேதி விடியக்காலை நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயல் நம்ம பக்கத்துப் பெரியவங்களுக்கு மறக்காது. மரம், கூரை, மாடு, மனுஷன்னு வாரிக்கிட்டுப் போன புயல். அது அடங்கின மறுநாள் ராத்திரி எங்கம்மாவுக்கு வலி எடுத்துருச்சு. மருத்துவச்சி பார்த்துட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கு, காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிடுச்சு. ரோடு எது, வாய்க்கால் எதுன்னு தெரியாத தண்ணி. வண்டியெல்லாம் போகாதுன்னு ஊரே சொல்லுது.

சித்தப்பா செஞ்சது இது. பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழட்டி வச்சுட்டார். ஃபேன் சுத்தினா தண்ணியை வாரி எஞ்சின் மேல அடிக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் நனைஞ்சா வண்டி செத்துடும். டிஸ்ட்ரிபியூட்டரை சைக்கிள் டியூப்பால சுத்திக் கட்டினார். அப்பா மூங்கில் கழியோட முன்னாடி இடுப்பளவு தண்ணியில் தட்டிப் பார்த்துக்கிட்டே நடந்தார். முதல் கியரிலேயே பின்னாடி கார் ஊர்ந்து வந்துச்சு. பெல்ட் இல்லாததால எஞ்சின் சூடேறும். சூடேறினா நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி. நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு ஒவ்வொரு தடவையும் பயம். ரெண்டு இடத்தில் ரோட்டில் விழுந்து கிடந்த மரத்தை அந்தந்த ஊர்க்காரங்க வெட்டி விலக்கினாங்க. பத்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு அஞ்சு மணி நேரம். விடியும்போது ஆஸ்பத்திரி வாசல். ஆபரேஷன் பண்ணித்தான் என்னை எடுத்தாங்க.

"உங்கப்பன் அன்னைக்கு ஒரு தடவைகூட திரும்பிப் பாக்கல தம்பி. நான் பின்னாடி வர்றேன்னு அவ்ளோ நம்பிக்கை." இதைச் சொல்லிட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினப்ப ஏற ஆரம்பிச்ச பெட்ரோல் விலை அப்புறம் இறங்கவே இல்லை. 1980-ல் எல்லாரும் செஞ்சதை நாங்களும் செஞ்சோம். ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கி வச்சுட்டு நாலு சிலிண்டர் பெர்கின்ஸ் டீசலை ஏத்தினோம். மெட்ராஸ் செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின் செஞ்சுக்கிட்டு இருந்ததால அதுக்கு ஸ்பேர் எங்கேயும் கிடைச்சுச்சு. கிலோமீட்டர் கூடக் கொடுத்துச்சு. ஆனா அந்த ரப்பர் தொட்டில் போச்சு. முன்னாடி தாத்தா எஞ்சின் ஓடும்போது ஒரு ரூபா காசை அதுமேல நிமித்தி நிக்க வச்சுக் காட்டுவாராம். டீசல் போட்டப்புறம் காரில் உட்கார்ந்தா பல்லு தாளம் போடும். எனக்குத் தெரிஞ்ச பிளைமவுத் இதுதான். சத்தத்தை வச்சே சித்தப்பா மதகு தாண்டிட்டார்னு சொல்லிடுவோம்.

பேரளத்தில் இருந்து காரைக்காலுக்கு 1898-ல் போட்ட ரயிலையும் அந்த 1980-களில் நிறுத்திட்டாங்க. அது எங்களுக்கு நல்லதாப் போச்சுன்னு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. பேரளம் சவாரியே தினம் ரெண்டு கிடைச்சுச்சு. காவிரித் தண்ணி கடைமடைக்கு வராத வருஷங்களும் அப்பத்தான் வரிசையா ஆரம்பிச்சுது. 1991 இடைக்காலத் தீர்ப்பில் காரைக்காலுக்கு 6 டி.எம்.சி.ன்னு எழுதினாங்க, 2007-ல் அதை 7 ஆக்கினாங்க. எழுதினது எல்லாம் நந்தலாறுக்கும் நாட்டாறுக்கும் வந்து சேர்ந்துச்சான்னு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறுவை கருகின வருஷத்தில் எல்லாம் எங்க பள்ளிக்கூடப் பீஸைக் கட்டினது அந்தக் கார்தான்.

அமெரிக்காவில் அதுக்குள்ள பிளைமவுத்துக்கு என்ன ஆச்சுன்னு சித்தப்பாவுக்கு விளக்க எனக்கு ஒரே வார்த்தை போதுமா இருந்துச்சு: பாகப்பிரிவினை.

1930-ல் இருந்தே பிளைமவுத்துக்குன்னு தனிக்கடை கிடையாது. டாட்ஜ் கடைக்காரன், டிசோட்டோ கடைக்காரன், கிறைஸ்லர் கடைக்காரன் எல்லாரும் அதை வித்தாங்க. மூணு அண்ணன் வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்த தம்பி. 1957-ல் வால் தூக்கின புது அழகில் வந்து மறுபடி மூணாவது இடத்தைப் பிடிச்சுச்சு. ஆனா அவசரத்தில் செஞ்ச வண்டி, துருப்பிடிக்குது, தண்ணி ஒழுகுதுன்னு பேரைக் கெடுத்துக்கிச்சு. அப்புறம் 1960-ல் டாட்ஜ் கடைக்காரங்ககிட்ட இருந்து பிளைமவுத்தை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா டாட்ஜ் பேரிலேயே விலை குறைஞ்ச வண்டியைக் கொடுத்தாங்க. தம்பியோட பங்கில் அண்ணன் வரப்பு வெட்டினது அங்கதான். டிசோட்டோவை அந்த நவம்பரிலேயே மூடிட்டாங்க. ஆனா நம்ம நாட்டு லாரி மூக்கில் அந்தப் பேரு அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடுச்சு. அந்தப் பக்கம் கிறைஸ்லரும் விலையை இறக்கி வந்துச்சு. பிளைமவுத்துக்கு நடுவில் நிக்க இடமில்லை.

நடுவில் நல்ல வண்டியும் வராம இல்லை. வேலியன்ட், ரோடு ரன்னர்னு அங்க உள்ளவங்க இன்னைக்கும் கொண்டாடற கார்கள். 1984-ல் வாயேஜர்னு வந்த குடும்ப வேன் நல்லா வித்துச்சு. ஆனா பிளைமவுத் செய்யறதை எல்லாம் டாட்ஜும் வேற பேரில் செஞ்சுது. எதுக்கு இந்தப் பேருன்னு வாங்கறவனுக்கும் தெரியலை, விக்கிறவனுக்கும் தெரியலை. 1998-ல் கிறைஸ்லர் ஜெர்மனி டைம்லரோட சேர்ந்துச்சு. மறுவருஷமே பிளைமவுத்தை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. கடைசி வண்டி, நியான்னு ஒரு சின்னக் கார், 2001 ஜூன் 28-ல் இல்லினாய் மாநிலம் பெல்விடியர் தொழிற்சாலையில் இருந்து இறங்குச்சு. கடைசி அஞ்சாறு வருஷம் அந்தக் கப்பலை மறுபடியும் சின்னமாப் போட்டுப் பார்த்தாங்க. அப்ப கோதுமை கட்டுற கயிறு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எங்க வீட்டுப் பாகப்பிரிவினை 1994-ல். தாத்தா போய் ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. நிலத்தை அளந்து வரப்பு போட்டாச்சு. வீட்டுக்கு நடுவில் சுவர். மாட்டை எண்ணிப் பிரிச்சாச்சு. காரை எப்படிப் பிரிக்கிறது? ஓட்டினவன் நான், எனக்கு வேணும்னார் சித்தப்பா. வயல் காசுலதானே டீசல் எஞ்சின் வந்துச்சு, பாதி விலையைக் கொடுத்துட்டு எடுத்துக்கன்னார் அப்பா. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். இன்னைக்கு யோசிச்சாலும் யார் பக்கம்னு என்னால சொல்ல முடியலை. சித்தப்பா கையில் காசில்லை. பஞ்சாயத்துப் பெரியவங்க, வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்கன்னுட்டாங்க. அந்த நேரம் வேனும் டீசல் அம்பாசடரும் வந்து, பிளைமவுத்தை ஓட்ட வாங்க ஆளில்லை. இரும்புக் கடைக்காரர் வந்தார். எடைக்குப் போட்டோம்.

நான் அப்ப பிளஸ் டூ. நாலு பேர் எங்க களத்திலேயே வச்சு காஸ் கட்டரால வெட்டினாங்க. கனத்த தகடு, ரெண்டு நாள் ஆச்சு. அப்பா வயலுக்குப் போயிட்டார். சித்தப்பா மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். வந்த காசில் அப்பா பங்கு அந்த வருஷம் உரக்கடை பாக்கிக்குச் சரியாப் போச்சு. அன்னைக்கு நின்ன பேச்சுதான்.

பாட்டி இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சு. மாலையைப் பத்தி அதுக்கப்புறம் கேட்கலை.

இதையெல்லாம் பேசி முடிச்சு நான் எழுந்தப்ப, இருடான்னு சொல்லிட்டு சித்தப்பா உள்ளே போனார். பரணில் எதையோ உருட்டற சத்தம். பழைய துண்டில் சுத்தின ஒண்ணைக் கொண்டு வந்து என் கையில் வச்சார். பிரிச்சா, அந்தக் கப்பல். ஒரு பாய்மரம் முறிஞ்சிருக்கு, முலாம் முக்கால்வாசி உரிஞ்சு போச்சு. வெட்டறதுக்கு முந்தின ராத்திரி ஸ்பேனரோட போய்க் கழட்டி வச்சிருக்கார்.

"உங்கப்பன்கிட்ட கொடுக்கணும்னுதான் வச்சிருந்தேன். பாதி அவனோடதுதானே."

கல்யாணத்துக்கு வர்றேன்னு சொன்னார். வாசல் வரைக்கும் வந்தவர் என் டிராக்டரைப் பார்த்துட்டு நின்னார்.

"இதுல மாட்டிடாதடா. டீக்கடையில நிறுத்திட்டு உள்ள போனீன்னா கழட்டிக்கிட்டுப் போயிடுவானுங்க."